உளவுப் படங்களில் எது நிஜம்: ஜெட்பேக்கா, மழைக்கோட்டா?

#1 கடைசிவரிசை

நேற்று ராத்திரி 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 1965-ல் வந்தது, கறுப்பு வெள்ளை, இயக்கம் மார்ட்டின் ரிட். பத்து நாள் தூங்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படம் முழுக்க வருகிறார் ரிச்சர்ட் பர்ட்டன். குடிக்கிறார், கடன் தர மறுத்த கடைக்காரரை அடிக்கிறார், ஜெயிலுக்குப் போகிறார். அதுவும் வேலையில் ஒரு பகுதிதான் என்பது நமக்கு அப்புறம்தான் புரிகிறது.

அதே 1965-ல்தான் ஷான் கானரி ஜேம்ஸ் பாண்டாக நடித்த 'தண்டர்பால்' வந்தது. அணுகுண்டுத் திருட்டு, கடலுக்கடியில் ஈட்டிச் சண்டை, முதுகில் கட்டிக்கொண்டு பறக்கிற ஜெட்பேக். அதே வருடம், அதே பனிப்போர், அதே பிரிட்டிஷ் உளவுத்துறை. கதை எழுதிய இரண்டு பேருக்கும் அந்த உலகம் தெரியும். பாண்டை உருவாக்கிய இயன் ஃப்ளெமிங் இரண்டாம் உலகப் போரில் கடற்படை உளவுப் பிரிவின் இயக்குநருக்கு உதவியாளராக இருந்தவர். பர்ட்டன் படத்தின் மூல நாவலை எழுதிய ஜான் லெ காரே, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளான எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டிலும் வேலை பார்த்தவர்.

பர்ட்டன் படம் நிஜம், பாண்ட் படம் சர்க்கஸ் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். நேற்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மழை, சிகரெட் புகை, பெயின்ட் உரிந்த ஆபீஸ், சோகமான முகம் இதெல்லாம் இருந்தால் நிஜம் என்று ஒத்துக்கொள்கிறோமோ? நிஜம் என்று எதைச் சொல்கிறோம்? பேசலாம்.

#2 பாப்கார்ன்பையன்

அண்ணே, ஒருவர் இரண்டு மணி நேரம் ஃபைல் புரட்டுவதைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டுமா? அதற்கு என் ஆபீஸே போதும். பாண்ட் பொய்தான். அந்தப் பொய்யை ஒழுங்காகச் சொல்கிறார்கள், காசு கொடுத்துக் கேட்கிறோம். பொய்யை நிஜம் மாதிரி சொல்லி ஏமாற்றுகிற படங்களை விட அது எவ்வளவோ நாணயம்.

#3 ரீல்பெட்டி

கடைசிவரிசை, 1965-ஐச் சொல்லிவிட்டு 'தி இப்க்ரெஸ் ஃபைல்' படத்தை விட்டுவிட்டீர்களே! அதுவும் அதே வருடம். தயாரித்தவர் ஹாரி சால்ட்ஸ்மன், அதாவது பாண்ட் படங்களின் இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவர். இசை ஜான் பேரி, கலை கென் ஆடம், இரண்டு பேருமே பாண்ட் படங்களின் ஆட்கள். சொந்தக் கடைக்கு எதிரிலேயே போட்டிக் கடை போட்ட மாதிரி.

மைக்கேல் கெயினின் ஹாரி பாமர் கண்ணாடி போட்டவன். படம் தொடங்கும்போது தூங்கி எழுந்து, கண் தெரியாமல் கையால் தடவிக் கண்ணாடியைத் தேடுகிறான். வேறு பிரிவுக்கு மாற்றுகிறோம், சம்பளம் கொஞ்சம் கூடும் என்கிறார் மேலதிகாரி. அவனுக்கு உடனே தோன்றுவது, அப்படியென்றால் அந்தப் புது கிரில் அடுப்பை வாங்கிவிடலாம் என்பதுதான். சூப்பர் மார்க்கெட் காட்சி இன்னும் அழகு. இரண்டு உளவுக்காரர்கள் தள்ளுவண்டியை இடித்துக்கொண்டு ரகசியம் பேசுகிறார்கள். நடுவில் இவன் எடுத்த காளான் டின் விலை அதிகம் என்று மேலதிகாரி குறை சொல்கிறார்.

ஆனால் கதை எங்கே போய் முடிகிறது? விஞ்ஞானிகளைக் கடத்தி மூளைச்சலவை செய்கிறார்கள், இரும்புக் கூண்டு, விசித்திர ஒலி. பாண்ட் வில்லன் வீட்டிலேயே இருந்திருக்கலாம். கண்ணாடியும் காளானும் மட்டும்தான் நிஜம், கதை பழைய கதைதான். உங்கள் சந்தேகம் நியாயமானதே.

#4 குறள்பித்தன்

வந்துவிட்டேன். திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று தனி அதிகாரமே எழுதியிருக்கிறார், 59-ஆவது. அதில் ஒற்றனுக்கு முதல் தகுதியாக 'கடாஅ உருவொடு' என்கிறார், 585-ஆவது குறள். பார்த்தவன் சந்தேகப்பட்டு 'யார் நீ' என்று கேட்கத் தோன்றாத உருவம். டக்ஸீடோ போட்டுக்கொண்டு சூதாட்ட மேசையில் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே பெயரை இரண்டு தடவை சொல்லும் ஆளை நினைத்துப் பாருங்கள்.

588 இன்னும் பயங்கரம். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார். அடுத்த குறளில், அவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும். லெ காரேயின் கதைகள் எல்லாமே இந்த இரண்டு குறளுக்குள் அடங்கிவிடும் என்பது என் கட்சி.

#5 பாப்கார்ன்பையன்

சார், போன மாதம் கிரிக்கெட் இழையிலும் ஒரு குறளைக் கொண்டுவந்தீர்கள். ஆனால் இது பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

#6 சப்டைட்டில்

நிஜம் மாதிரி தெரிவதற்கும் நிஜத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்', 2006. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் அதிகாரி ஒருவர் மேல்மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு நாடக ஆசிரியரின் வீட்டை ஒட்டுக்கேட்கிறார். உல்ரிஷ் மூஹே முகத்தில் ஒரு தசை அசையாது. அந்த நடிகரே அந்தக் காலத்தில் ஸ்டாசியால் கண்காணிக்கப்பட்டவர். இடமும் பொருளும் அச்சு அசல்.

ஆனால் அந்த அதிகாரி மனம் மாறி, பொய் அறிக்கை எழுதி, நாடக ஆசிரியரைக் காப்பாற்றுகிறார். அப்படிச் செய்த ஒரு ஸ்டாசி ஆள் கூட வரலாற்றில் இல்லை என்பது படத்தின் மீதிருந்த பெரிய குற்றச்சாட்டு. ஸ்டாசியின் ஹோஹென்ஷோன்ஹவுசன் சிறை இப்போது நினைவிடமாக இருக்கிறது. அதன் இயக்குநர் அங்கே படம் பிடிக்கவே அனுமதி தரவில்லை. காரணமும் சரியானது. 1989-ல் ஸ்டாசியில் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். ஒட்டுக்கேட்பவரையே இன்னொருவர் கவனித்துக்கொண்டிருப்பார். ஒருவர் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறைக்க வழியே கிடையாது.

இவ்வளவு தெரிந்தும், சுவர் விழுந்த பிறகு அந்த நாடக ஆசிரியர் தன் சொந்தக் கோப்பைப் புரட்டுகிறாரே, கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு விரல் கறை... அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் அழுகிறேன். என்ன செய்ய.

'ஸீரோ டார்க் தர்ட்டி' விஷயம் இதைவிட மோசம். ஆவணப்படம் மாதிரி எடுத்து, நிஜச் சம்பவங்கள் என்று அறிவித்துவிட்டுத் தொடங்குகிறார்கள். சித்திரவதையால்தான் பின்லாடன் பற்றிய துப்பு கிடைத்தது என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வருகிறது. 2012 டிசம்பரிலேயே மூன்று அமெரிக்க செனட்டர்கள், ஃபைன்ஸ்டைன், லெவின், மெக்கெய்ன், இது தவறான சித்திரிப்பு என்று தயாரிப்பு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ஜெட்பேக்கைப் பார்த்து யாரும் கொள்கை வகுப்பதில்லை. இந்தப் படத்தைப் பார்த்து வகுக்கலாம். பாப்கார்ன்பையன் சொன்ன நாணயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

#7 அரைத்தூக்கம்

'ஆர்கோ' பார்த்துவிட்டு நகம் எல்லாம் போச்சு. கடைசியில் ஓடுதளத்தில் விமானத்தைத் துப்பாக்கியோடு ஜீப்பில் துரத்துவார்களே, அது நடக்கவே இல்லை என்று பிறகு படித்தபோது, யாரோ என் பாக்கெட்டில் கை விட்ட மாதிரி இருந்தது. 1980 ஜனவரியில் ஈரானில் மாட்டிக்கொண்டிருந்த அந்த ஆறு அமெரிக்கத் தூதரக ஆட்களும் டெஹ்ரான் விமான நிலையத்தில் சாதாரணமாக வரிசையில் நின்று போயிருக்கிறார்கள். இயந்திரக் கோளாறால் விமானம் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, நிஜத்தில் நடந்த ஒரு விஷயத்தைப் படத்தில் விட்டுவிட்டார்கள். 'ஆர்கோ' என்ற பொய்ப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார் சி.ஐ.ஏ. அதிகாரி டோனி மெண்டஸ். ஏறப் போன சுவிஸ் ஏர் விமானத்தின் மூக்கில் 'ஆர்காவ்' என்று எழுதியிருந்ததாம், சுவிஸ் மாகாணம் ஒன்றின் பெயர். இதை யாராவது திரைக்கதையில் எழுதியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று நாமே சொல்லியிருப்போம்.

#8 பாப்கார்ன்பையன்

அப்படி வாருங்கள் வழிக்கு! இந்த மழைக்கோட்டுக் கட்சிக்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நிஜ உளவு பல நேரம் பாண்ட் படத்தை விடக் கோமாளித்தனமானது.

1945-ல் சோவியத் சிறுவர்கள் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரையைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் ஆசையாகத் தன் அறையில் மாட்டினார். உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி. பேட்டரி கிடையாது, வயர் கிடையாது, வெளியிலிருந்து ரேடியோ அலை அடித்தால் மட்டும் உயிர் வரும். செய்தவர் லியோன் தெரமின், தொடாமலே வாசிக்கும் இசைக்கருவியைக் கண்டுபிடித்த அதே ஆள். 1952 வரை யாருக்கும் தெரியவில்லை. 1978-ல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் பல்கேரிய எழுத்தாளர் மார்க்கோவுக்குத் தொடையில் சுருக்கென்றது, பக்கத்தில் குடையோடு ஒரு ஆள். நான்கு நாளில் இறந்துபோனார். உடம்பில் இருந்தது ரிசின் விஷம் வைத்த குண்டூசித்தலை அளவு உருண்டை. 'மிஷன் இம்பாசிபிள்' முகமூடியைக் கிண்டல் செய்கிறோம். சி.ஐ.ஏ.-வின் மாறுவேடப் பிரிவுத் தலைவராக இருந்த ஜோனா மெண்டஸ் முகமூடி போட்டுக்கொண்டு வெள்ளை மாளிகையில் அதிபர் மூத்த புஷ் முன்னால் உட்கார்ந்து பேசிவிட்டு, அப்புறம்தான் அதை உரித்துக் காட்டினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிறந்தநாள் கேக். மாஸ்கோவில் கார் திருப்பத்தில் திரும்பும், பின்னால் வரும் சோவியத் உளவுத்துறை கே.ஜி.பி.-யின் கார் இன்னும் திரும்பியிருக்காது. அந்தச் சில நொடியில் சி.ஐ.ஏ. அதிகாரி கதவைத் திறந்து இறங்கிவிடுவார். அவர் இருந்த சீட்டில் கேக்கை வைத்து ஒரு நெம்புகோலைத் தட்டினால், உள்ளிருந்து மனித உருவம் எழும்பி உட்காரும். துரத்துகிறவன் கண்ணுக்கு ஆள் குறையவில்லை. இதை மட்டும் படத்தில் வைத்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

#9 கடைசிவரிசை

தம்பி, அந்தக் கேக்கைக் கொண்டுவந்ததற்கு நன்றி. நான் சொல்ல நினைத்துச் சொல்லத் தெரியாமல் இருந்ததை அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

1982 டிசம்பரில் அந்தக் கேக்கைத் தட்டிவிட்டு இறங்கிய அதிகாரி யாரைப் பார்க்கப் போனார்? அடோல்ஃப் டோல்கச்சேவ் என்ற பொறியாளரை. மாஸ்கோவில் ராடார் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை. இவரை யாரும் வலை வீசிப் பிடிக்கவில்லை. 1977-லிருந்து இவராகவே அமெரிக்கர்களின் கார்களைத் தேடிப் போய்க் குறிப்பு கொடுத்தார். கே.ஜி.பி. வைத்த பொறியாக இருக்கும் என்று பல தடவை திருப்பி அனுப்பினார்கள். சளைக்காமல் திரும்பத் திரும்ப வந்தார். காரணம், அவர் மனைவியின் தாயை ஸ்டாலின் காலத்தில் கொன்றிருந்தார்கள், தந்தையை முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவர் வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். மதிய இடைவேளையில் ரகசிய ஆவணங்களைக் கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். நாற்காலி முதுகில் ஒரு பென்டாக்ஸ் கேமராவைக் கவ்வியால் பொருத்தி, மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் படம் எடுப்பார். இடைவேளை முடிவதற்குள் கொண்டுபோய்த் திருப்பி வைத்துவிட வேண்டும். ஆவணம் வாங்கினால் அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும் என்று விதி மாறியதும், அலுவலகக் கழிப்பறையில் நின்று எடுத்தார். அமெரிக்கர்களிடம் பணத்தோடு இன்னொன்றும் கேட்டார்: மகனுக்கு ராக் இசைத்தட்டுகள். மகனுக்கு வரைவதில் ஆசை, நல்ல பேனாக்கள் வேண்டும். அப்புறம், பிடிபட்டால் சாப்பிட ஒரு விஷ மாத்திரை.

இப்போது கேக்குக்கு வருகிறேன். எட்வர்ட் லீ ஹோவர்ட் என்று ஒருவர். மாஸ்கோவுக்கு அனுப்புவதற்காக சி.ஐ.ஏ. பயிற்சி கொடுத்தது. 1983-ல் வேலையை விட்டு நீக்கியது. கோபத்தில் அவர் தெரிந்ததையெல்லாம் கே.ஜி.பி.-யிடம் விற்றார், டோல்கச்சேவையும் சேர்த்து. 1985 ஜூனில் டோல்கச்சேவ் பிடிபட்டார், அடுத்த வருடம் சுட்டுக் கொன்றார்கள். ஹோவர்டை 1985 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. வளைக்கப் பார்த்தது. அவர் எப்படித் தப்பினார் தெரியுமா? மனைவி காரை ஓட்ட, திருப்பத்தில் குதித்துவிட்டு, சீட்டில் விக் வைத்த பொம்மையை நிறுத்திவிட்டுப் போனார். பயிற்சியில் கற்றுக்கொடுத்த அதே வித்தை.

கேக், பொம்மை, துரத்தல் எல்லாம் அதிகாரி பக்கத்துச் சங்கதி. பிடிபட்டிருந்தால் அந்த அதிகாரிக்கு என்ன ஆகியிருக்கும்? நாட்டை விட்டு வெளியேற்றுவார்கள், ஊருக்குப் போய் வேறு வேலை பார்ப்பார். பொறியாளருக்குத் தோட்டா. இந்தத் தொழிலில் ஏஜெண்ட் என்றால் ரகசியம் கொடுப்பவர்தான். சினிமாவோ அந்தப் பெயரை அதிகாரிக்குக் கொடுத்துவிட்டது. பாண்டும் சரி, மழைக்கோட்டுக்காரர்களும் சரி, பெரும்பாலும் அதிகாரிகளின் கதைகள். ஒருவர் குஷியான அதிகாரி, ஒருவர் சோகமான அதிகாரி. கழிப்பறையில் கேமராவோடு நிற்கிறவர் முதல் பத்து நிமிடத்தில் செத்துப்போகிற துணைப் பாத்திரம்.

இப்போதைக்கு என் அளவுகோல் இது: தகவல் கொடுத்தவருக்கு என்ன ஆனது என்று படம் கவலைப்படுகிறதா? பர்ட்டன் படம் அந்தக் கேள்வியை நேராகக் கேட்கிறது. யாரைக் காப்பாற்ற யாரைப் பலி கொடுக்கிறோம் என்பதுதான் அதில் கதையே. மழை இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம்.

#10 குறள்பித்தன்

டோல்கச்சேவ் கேமராவோடு மேசையில் குனிந்திருப்பது போன்ற ஓவியம் ஒன்று இப்போது சி.ஐ.ஏ. தலைமையகத்தில் மாட்டியிருக்கிறது. குறள் 590: ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் ரகசியத்தை நீயே வெளியே விட்டவன் ஆவாய். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் படம் மாட்ட முடிகிறது.

#11 ரீல்பெட்டி

அளவுகோல் நன்றாக இருக்கிறது, ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். அதிகாரி கதையிலும் நிஜம் உண்டு. அது மேசையில் நடப்பதால் யாரும் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆல்ட்ரிச் ஏம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சி.ஐ.ஏ.-வுக்குள் இருந்துகொண்டு 1985-லிருந்து சோவியத்துக்கு ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர். குறைந்தது பத்துப் பேர் உயிர் போனது. பொய் கண்டறியும் சோதனையில் இரண்டு தடவை தேறினார். வீட்டை ஐந்து லட்சம் டாலருக்கு மேல் மொத்தப் பணமாகக் கொடுத்து வாங்கினார், ஜாகுவார் காரில் ஆபீஸ் வந்தார். யாருக்கும் உறைக்கவில்லை. அவரை மாட்டிவைத்ததில் பெரிய பங்கு இரண்டு பெண்களுக்கு, ஜீன் வெர்ட்டஃபே, சாண்டி கிரைம்ஸ். கிரைம்ஸ் செய்தது இதுதான்: ஏம்ஸ் என்றைக்கு என்ன செய்தார் என்று தேதிவாரியாகப் பட்டியல் போட்டார். ஒரு சோவியத் அதிகாரியோடு மதிய உணவு, அனுமதி வாங்கிக்கொண்டு சாப்பிட்டது. பக்கத்திலேயே வங்கிக் கணக்கு. சாப்பாடு நடந்த அன்றோ ஓரிரு நாளிலோ சில ஆயிரம் டாலர் வரவு. மறுபடி சாப்பாடு, மறுபடி வரவு.

துப்பாக்கி இல்லை, மழை கூட இல்லை. ஒரு பெண் இரண்டு காகிதங்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். அந்த ஒரு நிமிடத்தை ஒழுங்காக எடுக்கத் தெரிந்த இயக்குநர் கிடைத்தால் பாப்கார்ன்பையனே பையைக் கீழே வைத்துவிடுவார்.

#12 அரைத்தூக்கம்

சண்டை பற்றியும் ஒரு வார்த்தை. உளவுப் படத்தில் ஆட்கள் ஒரே அடியில் சாவது எனக்கு ஒத்துவராது. ஹிட்ச்காக்கின் 'டார்ன் கர்ட்டன்', 1966, சுமாரான படம்தான். ஆனால் பண்ணை வீட்டுச் சமையலறைக் காட்சி ஒன்று இருக்கிறது. சத்தம் வெளியே கேட்டால் டாக்சி டிரைவர் வந்துவிடுவார், அதனால் துப்பாக்கி கூடாது. கத்தி முனை உடைகிறது. மண்வெட்டியால் காலில் அடிக்கிறார்கள். கடைசியில் கேஸ் அடுப்புக்குள் தலையைத் தள்ளுகிறார்கள், இசையே கிடையாது, அந்த ஆளின் விரல்கள் மட்டும் ஆடி ஆடி நிற்கின்றன. ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கஷ்டம் என்று காட்டத்தான் எடுத்தேன் என்றார் ஹிட்ச்காக்.

#13 குறள்பித்தன்

நம்மவர்களை விட்டுவிட்டோமே. எம்.ஜி.ஆருக்கு 1968-ல் 'ரகசிய போலீஸ் 115', ஜெய்சங்கருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' பட்டமே உண்டு. ரகசிய போலீஸ் என்பதை ஊருக்கே பாட்டுப் பாடிச் சொல்லிவிடுவார்கள். அதில் யாரும் நிஜத்தைத் தேடவில்லை, சந்தோஷமாகப் பார்த்தோம்.

#14 சப்டைட்டில்

கடைசிவரிசையின் அளவுகோலில் என் ஸ்டாசி படம் தேறுகிறது, கவனித்தீர்களா? நாடக ஆசிரியரின் காதலியான அந்த நடிகைப் பாத்திரம் கட்டாயத்தில் தகவல் கொடுக்கிறாள், அவளுக்கு நடப்பதுதான் படத்தின் நடுமுள். அதிகாரி மனம் மாறுவது கற்பனை, அவள் உடைவது நிஜம். ஒரே படத்துக்குள் இரண்டும் இருக்கிறது. அப்போது அதற்கு எத்தனை மதிப்பெண்?

#15 கடைசிவரிசை

மாட்டிக்கொண்டேன். மதிப்பெண் போடும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பர்ட்டன் படத்தின் முடிவில் பெர்லின் சுவரில் அந்தப் பெண்ணைச் சுட்ட பிறகு அவர் மேலே நின்று

#16 பாப்கார்ன்பையன்

ஐயோ அண்ணே நிறுத்துங்கள், நான் இன்னும் பார்க்கவில்லை!

#17 ரீல்பெட்டி

அறுபது வருடப் படத்துக்கு ஸ்பாய்லரா?

#18 பாப்கார்ன்பையன்

பார்த்துவிட்டேன். ராத்திரி ஒன்றரை மணி, தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஃபைல் படம் என்று கிண்டல் செய்ததை வாபஸ் வாங்கவில்லை, நடுவில் அந்த விசாரணைக் காட்சி நீளம்தான்.

சுவர் மேல் அவர் நிற்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து குதி குதி என்று கத்துகிறார்கள். இந்தப் பக்கம் கீழே அவள் கிடக்கிறாள். ஒரு நொடி எனக்கு, இப்போது மட்டும் முதுகில் அந்த ஜெட்பேக் இருந்தால் என்று தோன்றியது, சத்தியமாக. இருந்தாலும் கழற்றி வைத்துவிட்டு அவள் பக்கம்தான் இறங்கியிருப்பார்.

சரி, அடுத்து அந்தக் காளான் டின் படம். முடிவை யாரும் சொல்லாதீர்கள். மூளைச்சலவையை ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், ரீல்பெட்டி சார்.